ஹெலிகொப்டர் வருமுன் தரை தயாராகட்டும்

டித்வா புயல் நாட்டைப் புரட்டிப்போட்ட 2025 நவம்பர் கடைசியில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்து வந்தன. அநுராதபுர மாவட்டத்தில் வெள்ளத்தின் நடுவே தென்னை மரத்தைப் பற்றிக்கொண்டிருந்த ஒருவரை விமானப்படை ஹெலிகொப்டர் தூக்கிக் காப்பாற்றியது. நவம்பர் 30ஆம் திகதி லுணுவிலவில், அனர்த்தப் பணியில் இருந்த பெல் 212 ஹெலிகொப்டர் விழுந்து அதன் விமானி உயிரிழந்தார். ஹெலிகொப்டரால் எவ்வளவு முடியும், அதற்கு எவ்வளவு விலை கொடுக்க நேரும் என்பதை அந்த நாட்கள் காட்டிவிட்டன. வெள்ளம் ஏறும்போது ஹெலி வருமா என்று வானத்தைப் பார்க்கும் மட்டக்களப்பு, வந்தால் அது எங்கே இறங்கும், யாரை முதலில் ஏற்றும் என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும்.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளும் வாவி நம் மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கிறது. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடையே நெருக்கியடித்த ஊர்கள். படுவான்கரையில் வயலும் குளமும். உன்னிச்சை, நவகிரிக் குளங்களின் வான்கதவுகள் திறந்தால் படுவான்கரைக் கிராமங்கள் தீவுகளாகின்றன. கிரான்–புலிபாய்ந்தகல் வீதியில் மாரி தோறும் படகு ஓடுகிறது. 2011 ஜனவரி வெள்ளத்தில் நாடெங்கும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் பாதிக்கப்பட்டபோது, பெரும் அடி வாங்கியது மட்டக்களப்பு.

ஹெலிகொப்டரின் எல்லை எது?

மட்டக்களப்பில் விமானப்படைத் தளமும் ஓடுபாதையும் உண்டு. ஆனால் பெல் 212 அணி நிலைகொண்டிருப்பது ஹிங்குராக்கொடையில். 2024 நவம்பர் 26 அன்று அயலிலுள்ள அம்பாறை மாவட்டத்தின் காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் மதரசா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது, பிள்ளைகள் மாண்டார்கள். அத்தகைய விபத்தில் உயிரைக் காப்பது முதல் சில நிமிடங்கள். அங்கே வேண்டியிருந்தவை வீதியை நேரத்தோடு மூடும் அதிகாரமும், கரையில் படகும், கயிறும், நீந்தத் தெரிந்த ஆட்களும். எந்த ஹெலிகொப்டரும் அந்த நேரத்துக்குள் வந்து சேராது.

நகரத்துக்குள் சிக்கல் இன்னும் கூடும். ஒரே இடத்தில் மிதந்து நிற்க ஹெலிகொப்டர் தன் முழு எடைக்கும் ஈடான விசையோடு காற்றைக் கீழே தள்ளியாக வேண்டும். பெல் 212இன் உச்ச எடை சுமார் 5 தொன். அதைவிடப் பெரிய எம்ஐ-17 ஹெலிகொப்டருக்கு 13 தொன். காத்தான்குடியின் ஒடுங்கிய ஒழுங்கைகளுக்கு மேலே ஹெலிகொப்டர் தாழ்ந்து நின்றால் தகரமும் ஓடும் பறக்கும். மின்கம்பிகளும் தென்னைகளும் சுழலிக்கு எமன். இரைச்சலும் ஆபத்தானது: 1995 கோபே பூகம்பத்தில், இடிபாடுகளுக்குள் இருந்தவர்களின் குரல் மேலே வட்டமிட்ட ஹெலிகொப்டர்களின் ஓசையில் அமுங்கிப்போனது என்ற குற்றச்சாட்டு எழுந்தது.

அப்படியானால் ஹெலிகொப்டர் எதற்கு? படகு ஏற முடியாத நீரோட்டத்தில் கூரைமேல் நிற்பவருக்கு, பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு, வழி அறுந்த கிராமத்து நோயாளிக்கு. 2018 கேரள வெள்ளத்தில் ஆலுவாவிலிருந்து இந்தியக் கடற்படை தூக்கிச் சென்ற நிறைமாதக் கர்ப்பிணி, அன்றே பிள்ளையைப் பெற்றெடுத்தார். அதே வெள்ளத்தில் மீனவர்கள் தம் படகுகளில் மீட்டவர்கள் ஏறத்தாழ 65,000 பேர் என்பது கேரளத்தின் கணக்கு. பெருந்தொகையானோரைப் படகு மீட்க, படகால் முடியாத சிலரை ஹெலிகொப்டர் மீட்டது. வாவியை உள்ளங்கைபோல் அறிந்த மீனவர்கள் நிறைந்த நம் மாவட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, கூரைப் பெயர்கள். வெள்ளம் மூடிய நிலத்தில் விமானிக்கு எல்லா ஊரும் ஒன்றுபோலவே தெரியும். ஜப்பானில் பல நகரங்கள் பாடசாலைக் கூரைகளில் பெயரைப் பெரிதாக எழுதி வைத்திருக்கின்றன. வாகரை முதல் பெரியகல்லாறு வரை இடைத்தங்கல் முகாம்களாகும் ஒவ்வொரு பாடசாலைக்கும் அப்படி எழுதலாம். செலவு பெயின்ட்டும் கூலியும் மட்டுமே.

இரண்டாவது, இறங்குமிடங்கள். ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் நீர் ஏறாத, கம்பியும் மரமும் இல்லாத மைதானங்களைத் தெரிவுசெய்து, அவற்றின் ஆள்கூறுகளை விமானப்படையிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். நிறைமாதக் கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், நடக்க முடியாதவர்கள் பற்றிய பட்டியல் மாரிக்கு முன் கிராம உத்தியோகத்தர் கையில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, படகுகள். மீனவர் சங்கங்களின் படகுகளைப் பதிந்து, எரிபொருளும் காப்புறுதியும் உயிர்காப்பு அங்கியும் கொடுத்து, படகோட்டிகளை வானொலித் தொடர்பில் விமானப்படையோடு இணைக்க வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் இயங்கும் மாவட்டக் கட்டமைப்பே இதைச் செய்யலாம்.

நான்காவது, தமிழ். இறங்கிவரும் கம்பி வடத்தில் நிலைமின் ஏறியிருக்கும். அது தரையையோ நீரையோ தொட்ட பிறகே கைவைக்க வேண்டும். பதற்றத்தில் எட்டிப் பிடிப்பவருக்கு அதிர்ச்சி விழும். இதைப் பாடசாலைகளில் தமிழில் சொல்லிக்கொடுக்க வேண்டும். மீட்புக் குழுவில் தமிழ் பேசுபவர் இருக்க வேண்டும். போர்க்காலத்தில் ஹெலிச் சத்தம் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய தலைமுறை இன்னும் இங்கே வாழ்கிறது. அந்த மக்களிடம் கையசைத்து அழைக்கும் நம்பிக்கையை வளர்ப்பதும் மீட்புப் பணிதான். அதற்கான ஒத்திகைகள் வெயில் காலத்திலேயே மக்களோடு சேர்ந்து நடக்க வேண்டும்.

புதிய ஹெலிகொப்டர் வாங்க அந்நியச் செலாவணி வேண்டும், ஆண்டுகள் வேண்டும். மேலே சொன்ன நான்கையும் மாவட்டச் செயலகம் ஒரே ஆண்டில் முடிக்கலாம். விமானி தன் உயிரைப் பணயம் வைத்து வருகிறார். அவர் தேடி அலையும் நிமிடங்களைக் குறைப்பது தரையில் இருக்கும் நம் கடமை. அடுத்த ஒக்டோபருக்கு முன் இவை நிறைவேறியாக வேண்டும். நிறைவேறினவா என்று ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் கேட்க வேண்டும்.