காற்று இறங்கிய பந்து



வீட்டில் ஒரு பிள்ளை வழக்கத்துக்கு மாறாக உயர்ந்து வளர்ந்துவிட்டால் உற்றார் உறவினருக்கு அதுவே பேச்சாகிவிடும். “பனைமரம்போல் வளர்ந்துவிட்டானே!” என்று ஒருவர் வியப்பார். “ஆள் வளர்ந்த அளவுக்கு அறிவும் வளர வேண்டுமே!” என்று மற்றொருவர் அங்கலாய்ப்பார். பேருந்தில் குனிந்து நிற்பதும், அளவுக்கேற்ற சட்டை கிடைக்காமல் அலைவதும் அந்தப் பிள்ளையின் பாடு. அந்த உயரத்தைக் கேட்டுக்கொண்டு எவரும் நம் வீட்டு வாசற்படி ஏறுவதில்லை.

அமெரிக்காவில் ஏறுவார்கள். அங்கே பதினாறு வயதில் ஏழடியை எட்டிப் பிடிக்கும் மாணவனின் வீட்டுக்குப் பல்கலைக்கழகங்களிலிருந்து கடிதங்கள் வந்து குவியும். கூடைப்பந்துப் பயிற்சியாளர்கள் நேரில் வந்து, தாய் தந்தையர் எதிரே அமர்ந்து, “உங்கள் மகனை எங்களிடம் தாருங்கள், அவனது கல்விக்கு நாங்கள் பொறுப்பு” என்பார்கள். கேட்பது உடலின் உயரம். கொடுப்பதாகச் சொல்வது கல்வி. இந்தப் பரிமாற்றத்தில் நிறைவு பெற்றவர் யார், இடறியவர் யார் என்பதைப் பெற்றோராகிய நாமும் எண்ணிப் பார்ப்பது நலம்.

பத்தடி உயரத்து வளையம்

1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர், குளிர்காலத்தில் மாணவர்கள் கூரையின்கீழ் ஆடுவதற்கென இரண்டு பழக்கூடைகளை மாட்டிப் புதியதோர் ஆட்டத்தைத் தோற்றுவித்தார். அன்று மாட்டிய உயரம் 10 அடி. இன்றும் வளையம் அதே பத்தடியில்தான் இருக்கிறது. கை நீட்டினால் அந்த வளையத்தின் அருகே செல்பவனுக்கு மற்றவர்களைவிட வேலை எளிது. ஓட்டத்தையும் குறியையும் பயிற்சியால் வரவழைக்கலாம்; உயரத்தை எந்தப் பயிற்சியாலும் வரவழைக்க இயலாது. பயிற்சியாளர்கள் நெடியவர்களைத் தேடி அலைவதன் காரணம் இதுவே.

தொடக்கத்தில் நெடியவர்களைத் தடுமாறும் உடம்புக்காரர்கள் என்றே எண்ணினர். ஆறடி பத்து அங்குல உயரமும் தடித்த மூக்குக்கண்ணாடியும் கொண்ட ஜார்ஜ் மைக்கனை ஒரு பல்கலைக்கழகம் வேண்டாமென்று திருப்பி அனுப்பியது. சிகாகோவின் டிபால் பல்கலைக்கழகத்தில் 1942-ல் பயிற்சியாளராக வந்த ரே மேயர், அவரைக் கயிறு தாண்ட வைத்தார். குத்துச்சண்டைப் பயிற்சி தந்தார். கால்கள் பழகட்டும் என்று நடனமும் கற்க வைத்தார். அந்தத் தடுமாறும் இளைஞர் எவரும் நெருங்க முடியாத ஆட்டக்காரரானார். அவரும், ஒக்லஹோமாவின் ஏழடி பாப் கர்லாண்டும் வளையத்தில் விழப்போகும் பந்தையெல்லாம் கையால் தட்டிவிட்டதால், 1944-ல் அதைத் தடைசெய்து விதியையே மாற்ற வேண்டியதாயிற்று.

அதன்பின் வேட்டை தொடங்கியது. ஃபிலடெல்ஃபியாவின் ஏழடி ஓர் அங்குல வில்ட் சேம்பர்லினை 1955-ல் இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் அழைத்தன. அவர் தேர்ந்தது கன்சாஸ். 1957 இறுதியாட்டத்தில், மூன்று முறை கூடுதல் நேரம் ஆடியும், அவரது அணி வட கரோலினாவிடம் 54-53 என ஒரே புள்ளியில் தோற்றது. மாறாக, கலிஃபோர்னியாவின் பில் ரஸ்ஸலைத் தேடி வந்தது ஒரே ஓர் அழைப்புத்தான். சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு 1955-லும் 1956-லும் பட்டம் வென்று தந்தவர் அந்த ரஸ்ஸல். தேடி வருவோரின் கண்களும் தவறிப்போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பெயரின் முதலெழுத்து

கடல் கடந்து தேடியதும் உண்டு. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் சிமெண்டு வணிகம் செய்துவந்த முஸ்லிம் குடும்பத்தில் 1963-ல் பிறந்தவர் ஹகீம் ஒலாஜுவான். அந்நகரின் முஸ்லிம் ஆசிரியர் கல்லூரியில் பயின்றபோது கைப்பந்தும், கால்பந்தில் கோல் காப்பதுமே அவருக்குத் தெரிந்தவை. கூடைப்பந்தைக் கையில் எடுத்தது பதின்பருவத்தின் பிற்பகுதியில்தான். 1980-ல், பதினேழாம் வயதில், டெக்சாஸின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். அவரை எதிர்கொள்ள விமான நிலையத்துக்கு ஒருவரும் வரவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, வாடகைக் காரில் ஏறி வருமாறு பயிற்சியாளர் கை லூயிஸ் கூறிவிட்டார்!

முதலாண்டு அவரை ஆட்டத்தில் இறக்கவில்லை. மெலிந்த உடல் தேற வேண்டியிருந்தது. கோடை விடுமுறைகளில், அந்நாளின் பெரும் ஆட்டக்காரரான மோசஸ் மலோனுடன் நகரத்துப் பொதுக்கூடத்தில் மோதி மோதிக் கற்றார். 1982, 1983, 1984 என மூன்றாண்டுகளும் ஹூஸ்டன் அணி நாட்டின் கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாயிற்று. 1984-ல் தொழில்முறை அணிகள் ஆளெடுத்தபோது, புகழ்பெற்ற மைக்கேல் ஜோர்டனுக்கும் முன்னதாக முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவரே. கால்பந்திலும் கைப்பந்திலும் பழகிய கால்களே அவரது ஆட்டத்தின் அழகாயின.

இதில் நெஞ்சைத் தொடும் செய்தி ஒன்றுண்டு. அமெரிக்காவில் அவர் பெயரின் முதலெழுத்தே விழுந்துபோய், ஆண்டுக்கணக்கில் ‘அகீம்’ என்றே எழுதப்பட்டு வந்தது. அவர் எத்தனை அடி, எத்தனை அங்குலம் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். பெயரைத்தான் ஒருவரும் சரிபார்க்கவில்லை. 1991-ல் அவரே அறிவித்து அந்த எழுத்தை மீட்டுக்கொண்டார். ஹகீம் என்றால் ஞானமுடையவர் என்று பொருள். பெயர் மீண்டதோடு மார்க்கப் பற்றும் அவரிடம் வலுத்தது. 1995 பிப்ரவரியில் ரமலான் நோன்பு நோற்றுக்கொண்டே ஆடினார். அம்மாதத்தின் சிறந்த ஆட்டக்காரர் என்னும் விருதும் அவருக்கே கிடைத்தது.

ஓர் எச்சரிக்கை

எல்லோருக்கும் இப்படி வாய்த்துவிடவில்லை. சூடானில் மாடு மேய்க்கும் திங்கா இனத்தில் பிறந்த மனூத் போல் ஏழடி ஏழு அங்குலம் உயர்ந்தவர். அங்கு பயிற்சியளிக்கச் சென்ற அமெரிக்கர் ஒருவர் கண்டு சொல்ல, 1983-ல் அமெரிக்கா வந்தார். கடவுச்சீட்டில் அவர் உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் என்றிருந்தது. உட்கார வைத்து அளந்துவிட்டார்களாம்! பிறந்த நாளும் திட்டமாகத் தெரியாது, ஆங்கிலமும் அறியார். ஒஹையோவின் கிளீவ்லேண்ட் மாநிலப் பல்கலைக்கழகம் அவரைத் தன் அணிக்கென வரவழைத்து, மொழி கற்க வைத்தது. ஆயினும் அவர் அங்கு ஓர் ஆட்டமும் ஆடவில்லை. அவருக்கும் வேறு இரு ஆப்பிரிக்க இளைஞர்களுக்கும் விதிக்குப் புறம்பாகப் பொருளுதவி செய்ததற்காக, அப்பல்கலைக்கழகத்தின் மீது 1988-ல் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் நடவடிக்கை எடுத்தது. போல் வேறொரு சிறு பல்கலைக்கழகத்தில் ஓராண்டு ஆடி, 1985-ல் தொழில்முறை ஆட்டத்துக்குச் சென்றுவிட்டார். ஈட்டிய பொருளில் பெரும்பகுதியைத் தம் நாட்டு மக்களின் துயர் துடைக்க ஈந்து, 2010-ல் மறைந்தார். கல்வி தருவதாகச் சொல்லி அழைக்கப்பட்டவர். அவருடைய உயரத்துக்குக் கிடைத்த வரவேற்பு அவருடைய படிப்புக்குக் கிடைத்ததா?

இதற்கு நேர் எதிரான ஒருவரையும் காண்போம். நியூயார்க்கில் 1947-ல் பிறந்த, ஏழடி இரண்டு அங்குல லூ அல்சிண்டரை 1965-ல் நாடே தேடியது. அவர் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைத் தெரிந்துகொண்டார். ஜான் வுட்டன் என்னும் பயிற்சியாளரின்கீழ் 1967, 1968, 1969 என ஆடிய மூன்றாண்டும் பட்டம் வென்றார். பந்தை வளையத்துக்குள் மேலிருந்து திணிப்பதை 1967-ல் தடை செய்தபோது, எட்டாத உயரத்திலிருந்து வளைத்து எறியும் தம் வீச்சை மேலும் செம்மைப்படுத்திக்கொண்டார். ஆனால் நாம் கருத வேண்டியது வேறு. அவர் வரலாற்றுப் பாடத்தில் பட்டம் பெற்றார். நூல்களில் ஆழ்ந்தார்; மாணவராக இருக்கும்போதே 1968-ல் இஸ்லாத்தைத் தழுவினார். அவர்தாம் கரீம் அப்துல் ஜப்பார். ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் எழுதிய நூல்கள் பல. உயரத்துக்காக அழைக்கப்பட்ட இடத்தில் தமக்கு வேண்டிய கல்வியைத் தாமே தேடி எடுத்துக்கொண்டவர் அவர்.

தாயின் நிபந்தனை

எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்தத் தெளிவு இராது. அப்போது கேட்டுப் பெற வேண்டியவர்கள் பெரியவர்கள். ஜமைக்காவிலிருந்து பிழைப்புத் தேடி வந்து, பாஸ்டன் நகர மருத்துவமனையின் சமையற்கூடத்தில் உழைத்தவர் டோரத்தி யூயிங் என்னும் தாய். அவருடைய மகன் பேட்ரிக், ஏழடி உயரம். பள்ளிப் படிப்பு முடியும் தறுவாயில் பல்கலைக்கழகங்கள் போட்டியிட்டபோது, பள்ளிப் பயிற்சியாளர் மைக் ஜார்விஸ் அவற்றுக்கு ஒரு கடிதம் விடுத்தார். இம்மாணவனுக்கு நாள்தோறும் தனிப்பாடம் வேண்டும். விரிவுரைகளை ஒலிப்பதிவு செய்ய அனுமதி வேண்டும். தேர்வுகளில் நேரக்கட்டுப்பாடு தளர்த்தப்பட வேண்டும் என்பன அதன் சாரம். மகனை வேண்டுவோர் அவன் குறையையும் அறிந்து ஏற்க வேண்டும் என்னும் நேர்மை அது. பின்னாளில் எதிரணி ரசிகர்கள் ‘யூயிங்குக்குப் படிக்கத் தெரியாது’ என்று பலகை பிடித்து ஏளனம் செய்தார்கள். மைதானத்தில் வாழைப்பழத்தோலும் எறிந்தார்கள். அந்த இளைஞர் பொறுத்துக்கொண்டார்.

அவர் சேர்ந்தது வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகம். அங்கே பயிற்சியாளர் ஜான் தாம்சன். அவரும் ஆறடி பத்து அங்குலம். உயரத்தின் வரவேற்பும் அதன் வலியும் தெரிந்தவர். 1972-ல் பொறுப்பேற்றவுடன், முன்பு கன்னியாஸ்திரீயாக இருந்த மேரி ஃபென்லன் என்னும் ஆசிரியையைத் தம்முடன் அழைத்துவந்து, ஆட்டக்காரர்களின் படிப்பைக் கவனிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். வகுப்புக்குப் போகாதவன் ஆட்டத்துக்கும் போக முடியாது.

தாம்சன் தம் அறையில் காற்று இறங்கிய கூடைப்பந்து ஒன்றை வைத்திருந்தார். மாணவன் வந்து அமரும்போதெல்லாம் அது அவன் கண்ணில் படும். ஒருநாள் இந்தப் பந்தில் காற்று இறங்கிவிடும்; அன்று உன் கையில் மிஞ்சப்போவது என்ன? அவர் வாய் திறந்து கேட்காவிட்டாலும் அந்தப் பந்து கேட்டுக்கொண்டிருக்கும்.

1983-ல் டோரத்தி அம்மையார் இறந்துபோனார். அடுத்த ஆண்டு, 1984-ல், ஒலாஜுவானின் ஹூஸ்டன் அணியை 84-75 என வென்று யூயிங்கின் அணி தேசியப் பட்டம் பெற்றது. தொழில்முறை ஆட்டத்தின் பொருள் அப்போதே அழைத்தும் அவர் போகவில்லை. படித்து முடிப்பேன் என்று தாய்க்குக் கொடுத்த வாக்கு இருந்தது. 1985-ல் நுண்கலையில் பட்டம் பெற்றார். பார்ப்பதற்குத் தாய் இல்லை. வாக்கு மட்டும் நிறைவேறியது.

இன்றைய நிலை

அன்று பொருள் திரைமறைவில் கைமாறியது. 2017 செப்டம்பரில் கல்லூரிக் கூடைப்பந்து ஊழலுக்காக நான்கு துணைப் பயிற்சியாளர்கள் உட்படப் பத்துப் பேர் கைதாயினர். 2019-ல் மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தின் ஏழடி மாணவர் ஜேம்ஸ் வைஸ்மன், முன்பு தம் குடும்பத்தார் வீடு மாறுவதற்குப் பெற்ற 11,500 டாலர் காரணமாக 12 ஆட்டங்களுக்கு விலக்கப்பட்டார். அந்தப் பல்கலைக்கழகத்துக்காக அவர் ஆடியவை மூன்றே ஆட்டங்கள்.

இப்போது திரை விலகிவிட்டது. 2021 ஜூலை முதல் மாணவர்கள் தம் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பொருளீட்டலாம். 2025 ஜூலை முதல் பல்கலைக்கழகங்களே, எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் வரை நேரடியாகப் பகிர்ந்து கொடுக்கலாம். உழைப்பவனுக்கு ஊதியம் கிடைப்பது நியாயமே. அதைக் குறை கூற இடமில்லை. வெளிநாட்டு மாணவருக்கு விசா விதிகள் பல வழிகளை அடைத்து வைத்திருப்பதும் உண்மை. ஆனால் ஆண்டுதோறும் அணி மாறும் வசதியும் சேர்ந்துகொண்டதால், நான்காண்டு ஓரிடத்தில் நிலைத்துப் படிப்பவர் அரிதாகி வருகின்றனர். டொரண்டோவின் ஏழடி நான்கு அங்குல ஸாக் ஈடி ஒரு விதிவிலக்கு. பள்ளி நாளில் நானூறு பேருக்கும் பின்னே மதிப்பிடப்பட்ட அவர், பர்டியூ பல்கலைக்கழகத்தில் நான்காண்டும் தங்கி, 2023-லும் 2024-லும் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரரானார். பொறுமைக்கும் பலன் உண்டு.

வாசகர்களே! நம் பிள்ளைகளைத் தேடி பத்தடி வளையத்துக்காரர்கள் வரப்போவதில்லை. ஆனால் ஒருவனின் குரலுக்காக, ஒருவனின் கணக்குத் திறமைக்காக, ஒருத்தியின் கைவேலைக்காக, ஒருவனின் உடல் வலிவுக்காக யாரேனும் வரத்தான் செய்கிறார்கள். பிள்ளையிடம் உள்ள திறமை இறைவன் தந்த அமானிதம். பிள்ளையோ நம்மிடம் உள்ள அமானிதம். வந்தவர் என்ன தருவார் என்று கேட்பதோடு நில்லாமல், திறமை தேய்ந்த பின் என் பிள்ளையிடம் என்ன மிஞ்சும் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு நேராக விடை சொல்பவரிடம் பிள்ளையை அனுப்புங்கள். சொல்லத் தயங்குபவர் எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வந்திருந்தாலும், தேநீர் கொடுத்து மரியாதையாக வழியனுப்பி வையுங்கள்.