தாளை மாற்றிக்கொள்வோம்

நாம் எழுதும் கட்டுரையை யார் படிக்கிறார்கள்? ஆசிரியர் ஒருவர்தாம். அவரும் ஒரே மூச்சில் 60 தாள்களைப் படித்து முடிக்க வேண்டியவர். சிவப்பு மையில் ஒரு மதிப்பெண், ஓரத்தில் ஒரு சுழி. தாள் நம் கைக்குத் திரும்பும்போது அடுத்த பாடம் தொடங்கியிருக்கும். குறை அவருடையதன்று. ஒருவர் கண் எத்தனை தாளைத் தாங்கும்?

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பில் நாங்கள் நால்வர், கட்டுரையை ஒப்படைப்பதற்கு முன் எங்களுக்குள் மாற்றிப் படிப்பதென்று முடிவு செய்தோம். முதல் முறை அது கேலிக்கூத்தாயிற்று. நான் நண்பனுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். அவனும் எனக்கு ஒன்பதே போட்டான். உண்மையில் அவன் எழுதிய இரண்டாம் பக்கம் எனக்கு விளங்கவேயில்லை. சொன்னால் வருந்துவானே என்று வாளாவிருந்துவிட்டேன். ஆசிரியர் அதே பக்கத்தைத்தான் சுழித்திருந்தார். “உனக்கு முன்பே தெரியுமா?” என்று அவன் கேட்டபோது தலை குனிந்தேன்.

அடுத்த முறை மதிப்பெண்ணைக் கைவிட்டோம். படிப்பவர் இரண்டே கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். கட்டுரை என்ன சொல்கிறது? எந்த இடத்தில் விளங்காமற் போயிற்று? நான் எழுதியது ஏரிப் பாசனம் பற்றி. “ஏரிகள் தூர்ந்த காரணத்தைச் சொல்வாய் என்று பார்த்தேன், மூன்று பக்கமும் ஏரியின் பெருமையே இருக்கிறது” என்று அவன் எழுதியிருந்தான். சுருக்கென்றது. ஆயினும் அன்றிரவே திருத்தி எழுதினேன். இன்னொரு வியப்பு: அவன் தாளில் நான் கண்ட பிழைகள் பலவும் என் தாளிலும் இருந்தன!

இதை மேனாட்டுப் புதுமை என்று எண்ண வேண்டா. 13-ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில் கணக்குச் சொல்லிவிட்டார். ஆசிரியரிடம் கேட்டுப் பெறுவது கால் பங்கு. உடன் பயில்வோரோடு பழகிப் பெறுவது கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப் பங்கு நிறையும். நாமோ முதற் கால் பங்கோடு பட்டம் வாங்கிச் செல்கிறோம்.

“மாணவனுக்கு மாணவன் நீதிபதியா?” எனச் சிலர் கேட்கலாம். நீதிபதி வேண்டா, வாசகன் போதும். மதிப்பெண் ஆசிரியர் கையிலேயே இருக்கட்டும். பேராசிரியப் பெருமக்கள் பருவத்திற்கு ஒரு கட்டுரைக்காவது இதற்கென ஒரு பாடவேளை ஒதுக்கித் தர வேண்டுகிறேன். பெயரை மறைத்து, அடுத்த பிரிவு மாணவரிடம் தாளைக் கொடுத்தால் நட்பும் பகையும் குறுக்கிடா.

தோழர்களே! முகத்துக்காக நான் போட்ட ஒன்பது மதிப்பெண் என் நண்பனுக்கு உதவவில்லை. மனம் நோக அவன் எழுதிய ஒரு வரியே எனக்கு உதவியது.