கணிப்பொறிக்கும் ஒரு குடிமராமத்து

பழுதே ஆகாத ஒரு பொருள் ஒரு நாள் திடீரென்று வேலை செய்யாமல் போகுமா? கணிப்பொறி விஷயத்தில் போகும். கம்பி அறவில்லை, சில்லு கருகவில்லை, மின்சாரமும் ஒழுங்காக வருகிறது. ஆனால் இயங்குதளத்தைப் புதுப்பித்த மறுநாள், மடிக்கணிப்பொறியின் தொடுபலகை விரலுக்கு அசைந்து கொடுப்பதில்லை. "பழைய மாடல் சார், புதிது வாங்கிவிடுங்கள்" என்று கடைக்காரர் சொல்கிறார். இந்த யோசனை பெரும்பாலும் தவறு என்பது என் கருத்து. அதற்குக் காரணம் சொல்ல வேண்டுமானால், கணிப்பொறிக்குள்ளே சற்று எட்டிப் பார்க்க வேண்டும்.

கணிப்பொறியின் செயலியும் அதைச் சுற்றியுள்ள உறுப்புகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பொதுவான கம்பிகள் உண்டு. அவற்றை 'பஸ்' என்கிறோம். அருப்புக்கோட்டையிலிருந்து எங்கள் பரளச்சிக்கு வரும் பஸ்ஸுக்கும் இதற்கும் மூலச்சொல் ஒன்றே. 'எல்லோருக்கும்' என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற இலத்தீன் சொல்தான் அது. இந்தக் கம்பிகளில் யார், எப்போது பேசலாம் என்று ஒழுங்கு செய்யும் மின்சுற்று, பஸ் கட்டுப்படுத்தி. அந்தச் சுற்றை நடத்தத் தெரிந்த நிரலுக்கு 'டிரைவர்' என்று பெயர். பஸ்ஸுக்கு டிரைவர்! பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. இத்தகைய டிரைவர்கள் இயங்குதளத்தின் உட்கருவாகிய 'கெர்னலில்' குடியிருக்கின்றன.

1982-இல் பிலிப்ஸ் நிறுவனம் உருவாக்கிய 'ஐ2சி' என்ற பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். இன்று பல மடிக்கணிப்பொறிகளில் தொடுபலகை இதன் வழியாகத்தான் பேசுகிறது. இதில் இரண்டே கம்பிகள். ஒன்று தகவலுக்கு, மற்றொன்று துடிப்புக்கு, அதாவது தாளம் போடுவதற்கு. இரண்டும் தலைக்கு ஒரு மின்தடை வழியாக மின்வழங்கியுடன் இணைக்கப்பட்டிருப்பதால், சும்மா இருக்கும்போது உயர்ந்த மின்னழுத்தத்தில் நிற்கும். பேச விரும்பும் உறுப்பு கம்பியைப் புவி மட்டத்துக்கு இழுக்கும். விட்டுவிட்டால் கம்பி தானே உயரும்.

'தானே உயரும்' என்ற இந்த இடத்தில்தான் நம் இயற்பியல் நுழைகிறது. எந்தக் கம்பிக்கும் சிறிதளவு மின்தேக்குத் திறன் உண்டல்லவா? மின்தடை 4.7 கிலோ ஓம், மின்தேக்குத் திறன் 200 பிகோ ஃபாரடு என்று வைத்துக்கொண்டு இரண்டையும் பெருக்குங்கள். 0.94 மைக்ரோ வினாடி வரும். மேல்நிலை வகுப்பில் படிக்கும் கால மாறிலியேதான் இது. கம்பி உயர ஏறக்குறைய இவ்வளவு நேரம் பிடிக்கும். வினாடிக்கு 1 லட்சம் துடிப்புகள் என்ற வேகத்தில் பேசும்போது, கம்பி உயர்வதற்கு 1 மைக்ரோ வினாடி வரை அனுமதி உண்டு. 4 லட்சம் துடிப்புகள் என்றால் 0.3 மைக்ரோ வினாடிதான். முதல் வேகத்தில் தெளிவாகப் பேசிய அதே கம்பி இரண்டாவது வேகத்தில் உளறும். ஆகவே டிரைவர் எழுதுபவருக்கு நிரல் மொழி மட்டும் தெரிந்தால் போதாது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஓர் உறுப்பு தகவல் அனுப்பிக்கொண்டிருக்கும்போது, நடுவிலே செயலி அணைந்து மீண்டும் எழுகிறது. உறுப்புக்கு இது தெரியாது. தகவல் கம்பியைக் கீழே இழுத்துப் பிடித்தபடி அடுத்த துடிப்புக்காக அது காத்திருக்கும். செயலியோ, "கம்பியில் யாரோ பேசுகிறார்கள், முடிக்கட்டும்" என்று காத்திருக்கும். இப்படியே இருவரும் யுகம் முழுதும் காத்திருக்கலாம்! லினக்ஸ் கெர்னலில் இதற்கு எளிய மருந்து வைத்திருக்கிறார்கள். துடிப்புக் கம்பியில் 9 துடிப்புகள் வரை கொடுத்துவிடுவது. அனுப்பும் 8 பிட்டுகளும் ஒப்புதலுக்கான 1 பிட்டும் முடிந்துவிட, உறுப்பு கம்பியைக் கைவிடும்.

சரி, சில்லும் மாறவில்லை, இயற்பியல் விதியும் மாறவில்லை. ஒரு முறை ஒழுங்காக எழுதிய டிரைவரை ஏன் ஆண்டுதோறும் கவனிக்க வேண்டும்?

அதைச் சுற்றியுள்ளவை மாறுவதால்தான். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலில் 9 அல்லது 10 வாரங்களுக்கு ஒரு புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 10,000-க்கு மேற்பட்ட மாற்றங்கள். பேட்டரியைச் சிக்கனம் செய்ய ஒருவர் ஒரு திருத்தம் செய்வார். பொதுவான ஒரு சார்பை இன்னொருவர் மாற்றி, அதை அழைக்கும் நூற்றுக்கணக்கான டிரைவர்களையும் ஒரே மூச்சில் திருத்துவார். அத்தனை கருவிகளையும் அவர் வீட்டில் வாங்கி வைத்திருக்க முடியுமா? எங்கோ ஒரு டிரைவரில் பிழை நுழைந்துவிடும்.

எங்கள் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்களும் இப்படித்தான். கரையும் மடையும் போன வருஷம் இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வரத்துக்காலில் மணல் மேவும், உள்வாயில் கருவேல் முளைக்கும், கலுங்கில் கல் பெயரும். ஐப்பசி மழைக்கு முன் ஒரு நடை பார்க்காவிட்டால் வந்த தண்ணீர் நிற்காது. இதற்காகத்தான் ஊரார் கூடிச் செய்யும் குடிமராமத்து என்ற வழக்கம் இருந்தது. 1858-இல் ஆங்கில அரசு அதைக் கட்டாய உழைப்புச் சட்டமாகவும் ஆக்கியது. 2017-இல் தமிழக அரசு அப்பெயரிலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. மடையைத் திறந்து மூடி, முறை வைத்து ஒவ்வொரு வயலுக்கும் தண்ணீர் விட ஒரு நீர்பாய்ச்சி இருப்பார். பஸ் டிரைவரைப் பராமரிப்பவர் கெர்னலின் நீர்பாய்ச்சி.

கெர்னலுடன் 'மெயின்டெய்னர்ஸ்' என்ற ஒரு கோப்பு எப்போதும் சேர்ந்தே வரும். எந்தப் பகுதிக்கு யார் பொறுப்பு என்ற பட்டியல் அது. ஒலிக் கருவிகளுக்கான 'சவுண்ட்வயர்' பஸ்ஸுக்கு வினோத் கௌல் என்றும், மோடத்துடன் பேசும் 'எம்.எச்.ஐ.' பஸ்ஸுக்கு மணிவண்ணன் சதாசிவம் என்றும் அதில் இருக்கக் காணலாம். நமக்குப் பழகிய பெயர்கள்தாம். ஆனால் இப்பெயர்கள் எந்தப் பாடநூலிலும் இல்லை. 2018-இல் சென்னை ஐ.ஐ.டி.யின் 'சக்தி' செயலியில் லினக்ஸ் இயங்கியபோது நாளிதழ்கள் மகிழ்ச்சியோடு எழுதின, எழுத வேண்டியதுதான். அந்தச் சில்லின் பஸ் டிரைவரை 10 ஆண்டுகளுக்குப் பின்னும் கவனிக்கப் போகிறவரைப் பற்றி யார் எழுதுவார்கள்? புதிதாகக் கட்டுவதற்கே எல்லா மாலையும் போடுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதே கோப்பில் 'ஆர்ஃபன்' என்று ஒரு குறிப்பும் சில பகுதிகளுக்கு எதிரே உண்டு. அநாதை என்று பொருள். கெர்னலைக் கவனிப்போரில் மிகுதியானவர்கள் நிறுவனங்களில் சம்பளம் பெற்று அதைச் செய்பவர்கள். விற்பனை நின்றுபோன சில்லுக்கு எந்த நிறுவனம் சம்பளம் கொடுக்கும்? அநாதையான பகுதி சில ஆண்டுகள் கிடக்கும், பிறகு நீக்கப்படும். 80386 செயலிக்கான ஆதரவு 2012-இலும், இட்டானியம் செயலிக்கானது 2023-இலும் இப்படி நீக்கப்பட்டன. அவற்றை வைத்திருந்தவர் அநேகமாக எவருமில்லை, அதனால் நட்டமில்லை.

நம் நிலை வேறு. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணிப்பொறிகள் வழங்கியது. அவற்றில் பல இன்னும் பரணில் இருக்கின்றன. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020-இலும், விண்டோஸ் 10-க்கானது 2025-இலும் முடிந்துவிட்டன. இந்தக் கருவிகளை இன்னும் சில ஆண்டுகள் பாதுகாப்பாக ஓட்ட லினக்ஸ்தான் வழி. அதற்கு அவற்றின் டிரைவர்கள் உயிரோடு இருக்க வேண்டும். ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பராமரிப்பாளரிடம் திறமை இருக்கிறது, ஆனால் அந்தப் பழைய கருவி இல்லை. அது உங்கள் வீட்டில் இருக்கிறது.

கருவி மட்டும் இருந்தால் போதுமா என்று கேட்பீர்கள். பொறுமையும் வேண்டும். முந்தைய பதிப்பில் வேலை செய்த தொடுபலகை இந்தப் பதிப்பில் செய்யவில்லை என்றால், இடையில் உள்ள 10,000 மாற்றங்களில் குற்றவாளி ஒன்றுதான். பாதி மாற்றங்களுடன் கெர்னலைத் தொகுத்து ஓட்டிப் பாருங்கள். வேலை செய்தால் குற்றவாளி பின்பாதியில், இல்லையேல் முன்பாதியில். மீண்டும் அதில் பாதி. 2-இன் 14-ஆம் அடுக்கு 16,384 என்பதால், 14 முறைக்குள் அகப்பட்டுவிடும். பழைய இயந்திரத்தில் ஒவ்வொரு தொகுப்புக்கும் பல மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போகலாம். குறிப்பிட்ட மாற்றத்தைச் சுட்டிப் பராமரிப்பாளருக்கு எழுதினால் அவர் அலட்சியம் செய்ய முடியாது. ஏனெனில், முன்பு வேலை செய்ததைக் கெடுக்கக் கூடாது என்பது லினக்ஸில் கண்டிப்பான விதி.

கல்லூரிகளில் இறுதியாண்டுத் திட்டப்பணி என்றால் புதிதாக எதையோ செய்து, தேர்வாளர் முன் ஒரு முறை ஓட்டிக் காட்டிவிட்டு அலமாரியில் பூட்டிவிடுகிறோம். அதற்குப் பதிலாக, பழைய டிரைவர் ஒன்றில் பிழையைக் கண்டு சொல்லி, அது கெர்னலில் திருத்தப்பட்டால் அதற்கே முழு மதிப்பெண் தரலாம். தேர்வாளர் தேடி அலைய வேண்டாம். திருத்தம் பெயருடன் பதிவாகியிருக்கும்.

நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பரணில் உள்ள மடிக்கணிப்பொறியை இறக்கித் துடைத்து, லினக்ஸைத் திறந்து, கட்டளைச் சாளரத்தில் எல்.எஸ்.பி.சி.ஐ. என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சிறிய எழுத்தில், புள்ளியில்லாமல் சேர்த்துத் தட்டுங்கள். பி.சி.ஐ. என்ற பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும் உறுப்புகள் எல்லாம் வரிசையாகத் தெரியும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு, எந்த டிரைவரை யார் கவனிக்கிறார், எது அநாதையாகக் கிடக்கிறது என்று அந்தக் கோப்பில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள்.