அணுவுக்கு எட்டு எண்ணத் தெரியுமா?

வேதியியல் வகுப்பில், அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்ளும் சகப்பிணைப்பை நடத்தும்போதெல்லாம் நான் ஷேர் ஆட்டோவைத்தான் துணைக்கு இழுப்பேன். வேளச்சேரி பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான உவமை கிடையாது. ஒரே வண்டி, பல சவாரி. பிறகு கரும்பலகையில் இரண்டு குளோரின் அணு, வெளிக்கூட்டில் ஏழேழு புள்ளி, நடுவில் ஒரு ஜோடிக்கு வட்டம். ஆளுக்கு எட்டு ஆகிவிட்டதா? 'அணுக்கள் எட்டு எலக்ட்ரானைப் பெற விரும்புகின்றன' என்று முடித்துவிட்டு டஸ்டரை எடுத்துவிடுவேன்.

ஒரு வருஷம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "ஷேர் ஆட்டோல ஆசைப்பட்டா மிஸ் ஏறுறாங்க? தனி ஆட்டோவுக்கு காசு ஜாஸ்தி, அதான்."

வகுப்பே சிரித்தது, நானும்தான். வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசையும்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷம் நான் சொல்லாமல் விட்டதை அந்தப் பையன் ஒரே வரியில் சொல்லிவிட்டான்.

அணுவுக்கு எட்டு வரை எண்ணத் தெரியாது, விருப்பமும் கிடையாது. எந்த நிலையில் ஆற்றல் குறைகிறதோ அந்த நிலையில் போய் நிற்கும், அவ்வளவுதான். ஹைட்ரஜனைப் பாருங்கள். தனியாக இருக்கும்போது ஒரு எலக்ட்ரானை ஒரு அணுக்கரு இழுத்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு ஹைட்ரஜன் அருகே வந்தால் ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு கருக்கள் இழுக்கின்றன. அது பரவி உலாவ இடமும் கூடுகிறது. மொத்த ஆற்றல் இறங்குகிறது. ரொம்ப நெருங்கினால் இரண்டு கருக்களும் ஒன்றையொன்று தள்ளும். இழுப்பும் தள்ளலும் சரிக்குச் சரியாகும் தூரம் 74 பிகோமீட்டர். ஒரு மில்லிமீட்டரை நூறு கோடித் துண்டாக வெட்டினால் ஒரு துண்டுதான் பிகோமீட்டர். ஹைட்லர், லண்டன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் 1927-லேயே குவாண்டம் இயற்பியலைக் கொண்டு இந்த ஆற்றல் பள்ளத்தைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள்.

அந்தப் பள்ளத்தின் ஆழம் சாதாரணமில்லை. தனித்தனி அணுக்கள் சேர்ந்து 2 கிராம் ஹைட்ரஜன் வாயு உண்டானால் 436 கிலோஜூல் வெளியே வரும். குழாயில் பிடித்த கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்க அது போதும். இதை வைத்துப் பற்றவைப்புக் கருவியே செய்தவர் அமெரிக்காவின் இர்விங் லாங்மியூர். மின்வில்லில் ஹைட்ரஜன் மூலக்கூறை அணுக்களாகப் பிளப்பார். அவை உலோகத்தின் மேல் போய் மறுபடி ஜோடி சேரும்போது விடும் சூட்டில் டங்ஸ்டனே உருகும். எலக்ட்ரான் ஜோடிதான் பிணைப்பு என்று 1916-இல் சொன்னவர் லூயிஸ். அதற்கு 1919-இல் 'கோவேலன்ஸ்' என்று பெயர் வைத்தவர் இதே லாங்மியூர்தான். பெயரைப் பாடத்தில் வைத்துக்கொண்டோம், சூட்டை விட்டுவிட்டோம்.

இலங்கைத் தமிழர்கள் சகப்பிணைப்பைப் பங்கீட்டு வலுப் பிணைப்பு என்பார்கள். பங்கீடு என்றதும் எனக்கு வீடு, நிலத்தைப் பாகம் பிரிப்பதுதான் ஞாபகம் வரும். இங்கே யாரும் எதையும் பிரித்துக்கொள்வதில்லை. அந்த வகையில் நம் 'சக' தேவலாம்.

பாடத்தில் சூட்டை விட்டதன் விளைவை பிளஸ் டூவில் பார்க்கலாம். கேஸ் அடுப்பு எரியும்போது வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், 'பிணைப்பு உடைவதால்' என்று பாதி வகுப்பு எழுதும். பிணைப்பை உடைக்க ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். கார்பனும் ஹைட்ரஜனும் ஆக்சிஜனோடு புதிதாகச் சேரும் பிணைப்புகளில்தான் அதைவிட அதிகமாகத் திரும்பக் கிடைக்கிறது. நம் தோசைக்கல் சூடாவது அந்த மிச்சத்தில். எட்டுக்கு ஆசைப்பட்டுச் சேர்கிற அணு என்று படித்த பிள்ளைக்கு இது எப்படிப் புரியும்?

எட்டு ஒரு நல்ல நினைவுக்குறிப்பு, மறுக்கவில்லை. ஆனால் போரான் ட்ரைஃபுளோரைடில் போரானைச் சுற்றி ஆறுதான். துணைமின் நிலைய பிரேக்கர்களில் அடைத்திருக்கும் சல்ஃபர் ஹெக்ஸாஃபுளோரைடை நம் புள்ளிக் கணக்கில் போட்டால் பன்னிரண்டு வரும். வண்டிப் புகையில் வரும் நைட்ரிக் ஆக்சைடில் மொத்த எலக்ட்ரானே ஒற்றைப்படை; என்ன செய்தாலும் இரண்டு பேருக்கும் எட்டு வராது.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு வரி: 'ஆற்றல் குறைவதால்' என்று எழுதினாலும் முழு மதிப்பெண் தருக. ஏன் இப்படிக் கெஞ்சுகிறேன் என்றால், ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டு, பிளஸ் ஒன் விடைத்தாள் திருத்தும் மையத்தில் ஒரு தாள் வந்தது. குளோரின் மூலக்கூறு ஏன் உருவாகிறது என்ற கேள்விக்கு, 'இரண்டு அணுக்கருவும் ஒரே ஜோடியை இழுக்கும், அதனால் ஆற்றல் குறையும், பிரிந்தால் ஏறும்' என்று கோணல் எழுத்தில் இருந்தது. எட்டு எலக்ட்ரான் வேண்டும் என்கிற எண்ம விதி பற்றி ஒரு சொல் இல்லை. முழு மதிப்பெண்ணாக 2 போட்டேன். தாளைச் சரிபார்த்தவர் விடைக்குறிப்பை என் பக்கம் திருப்பினார். "எண்ம நிலைக்கு ஒரு மார்க் இருக்கு மேடம். இதுல எட்டு எங்க?"

வாதாடியிருக்கலாம். மணி ஐந்தரை, இன்னும் பதினோரு தாள் பாக்கி. 2-ஐ அடித்து 1 ஆக்கி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.