அண்ணாமலையா, அண்ணரமலையா? கண்ணை ஏமாற்றும் எழுத்துக்கள்!

திருவண்ணாமலையில் கிரிவலம் போகிறவர்களுக்கு அடி அண்ணாமலையைத் தெரியும். பெரிய கோவில் கிழக்கே இருக்கிறது. 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மறுபக்கத்தில் இருக்கிறது இந்த ஊர்.

கம்ப்யூட்டரில் இந்த ஊரின் பெயரை "அடி அண்ணாமலை" என்று அடிக்கலாம். "௮டி அண்ணரமலை" என்றும் தவறாக அடித்துவிடலாம்!

உற்றுப் பாருங்கள். இரண்டாவதில் முதலில் நிற்பது "அ" அல்ல. 8-ஐக் குறிக்கும் பழைய தமிழ் எண். "ண"வுக்குப் பக்கத்தில் இருப்பது காலும் அல்ல. "ர" என்ற எழுத்து. கிரிவலப் பாதையில் 8 லிங்கங்கள் உண்டு. அதற்காக ஊர்ப் பெயரிலும் ஒரு எட்டா?

எழுத்துக்கு எண்

கம்ப்யூட்டர் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. யூனிகோடு என்ற உலகப் பொது ஏற்பாட்டின்படி ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அதைத்தான் பார்க்கிறது. "அ"வின் எண் 2949. பழைய எட்டின் எண் 3054. நமக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு.

பட்டாவும் வாக்காளர் பட்டியலும் இன்று கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பெயரில் ஓர் எழுத்து இப்படி மாறியிருந்தால், தேடும்போது "இல்லை" என்றே பதில் வரும். பெயரோ கண்ணெதிரே இருக்கும்!

பழைய அச்சுத் தாளைப் படம் பிடித்து இயந்திரத்தைப் படிக்கவிட்டால், கால் "ர" ஆகிவிடுவது சகஜம். கையால் அடிப்பவர்களும் தவறுகிறார்கள். ஔவையாரின் "ஔ" ஒரே எழுத்து. பலர் "ஒ" அடித்து, பக்கத்தில் "ள" அடிக்கிறார்கள். "ஸ்ரீ" இன்னும் மோசம். அதை இரண்டு விதமான எண்களால் எழுதலாம். திரையில் உருவம் ஒன்றே. கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது.

வெளிநாட்டில் இது மோசடிக்கும் வழியாயிற்று. ரஷ்ய மொழியின் "அ" எழுத்தும் ஆங்கில "ஏ" எழுத்தும் பார்வைக்கு ஒன்றே. 2017-இல் ஓர் ஆராய்ச்சியாளர், ஆப்பிள் கம்பெனியின் இணைய முகவரியைப் போலவே ஒரு போலி முகவரியை அத்தகைய எழுத்துக்களால் அமைத்து, ஆபத்தை எடுத்துக் காட்டினார். வங்கியின் பெயரில் அப்படி ஒன்று வந்தால் பணம் என்ன ஆகும்?

திருடனைப் பிடிப்பது எப்படி?

சரியான பெயரை அடித்துத் தேட வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற ஒரு வரியைக் கம்ப்யூட்டர் தாண்டிப் போனால், திருடன் அங்கேதான் இருக்கிறான்! "வேர்டு" செயலியில் அந்த எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து, ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அதன் குறியீடு தெரியும். மறுபடி அழுத்தினால் எழுத்து திரும்பிவிடும்.

பிறகு தப்பை நகல் எடுத்து, "தேடி மாற்று" கட்டத்தில் போட்டு மாற்றலாம். அவசரம் கூடாது. "ர" எல்லாவற்றையும் காலாக்கினால் ஊரும் பேரும் கெட்டுப் போகும். "ஒ, ள" இரண்டையும் கண்ட இடமெல்லாம் "ஔ" ஆக்கினால், தீபத்தின் "ஒளி"யும் கெட்டுவிடும்! முழுச் சொல்லாகக் கொடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்ற வேண்டும்.

முடிந்ததும் தப்பான சொல்லை மீண்டும் ஒரு தடவை தேட வேண்டும். ஒன்றும் அகப்படாவிட்டால் வேலை முடிந்தது.