துணை முதல்வர்கள் ஓட்டும் அரசுப் பள்ளிகள்: ஸ்டெப்னியில் எவ்வளவு தூரம் போகலாம்?

தமிழில் 'துணை முதல்வர்' என்று தேடினால் அரசியல் செய்திகள்தான் வந்து கொட்டும். நாம் இங்கே பேசப்போவது பள்ளியில் இருக்கும் துணை முதல்வரைப் பற்றி, அதாவது வைஸ் பிரின்சிபல். தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 'ஏ.எச்.எம்.' என்றால் சட்டென்று ஒரு முகம் ஞாபகம் வரும்.

பிரின்சிபல் காலியிடம் என்றால் செய்தியாகிறது. அந்த இடத்தை ஆண்டுக்கணக்கில் தாங்கிப் பிடிப்பவர் யார், அதற்குப் பள்ளி என்ன விலை கொடுக்கிறது என்பது செய்தியாவதில்லை.

இவருக்கு என்னதான் வேலை?

டைம்டேபிள் போடுவது, லீவு எடுத்த ஆசிரியரின் வகுப்புக்கு வேறு ஆளை அனுப்புவது, தேர்வு நடத்துவது, பெற்றோரின் புகாரைக் கேட்பது. இவற்றோடு சொந்தமாக வகுப்பும் எடுக்க வேண்டும். பிரின்சிபல் கூட்டத்துக்குப் போன நாளில் பள்ளியே இவர் கையில்தான். ஆனால் அதிகாரம்? மேலே இருப்பவர் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாரோ அவ்வளவுதான்.

சட்டமும் இவரைக் கண்டுகொள்ளவில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, 1 முதல் 5 வரையிலான வகுப்புகளில் 150 மாணவர்களுக்கு மேல் இருந்தால் தலைமை ஆசிரியர் வேண்டும். 6 முதல் 8 வரை என்றால் 100 பேருக்கு மேல். துணைத் தலைமை பற்றி அதில் ஒரு வார்த்தைகூட இல்லை.

டெல்லியில் நடந்தது என்ன?

2022 ஏப்ரலில் தேசிய குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையம் டெல்லி அரசிடம் விளக்கம் கேட்டது. 1,027 அரசுப் பள்ளிகளில் 824-இல் தலைமை ஆசிரியரோ பிரின்சிபலோ இல்லை என்பதுதான் விஷயம். கணக்குப் போட்டால் 80 சதவீதம்! அதற்காகப் பள்ளிகள் பூட்டிக் கிடக்கவில்லை. பல பள்ளிகளை வைஸ் பிரின்சிபல்கள்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஏன் நிரப்பவில்லை? பிரின்சிபல் பதவியில் ஒரு பகுதி பதவி உயர்வு மூலமும், மறு பகுதி யு.பி.எஸ்.சி. நேரடித் தேர்வு மூலமும் நிரப்பப்படுகிறது. 2021-இல்தான் 363 பிரின்சிபல் இடங்களுக்கு யு.பி.எஸ்.சி. அறிவிப்பு வெளியிட்டது. இன்னொரு சிக்கலும் உண்டு: ஒரு பதவி நீண்ட காலம் காலியாகவே கிடந்தால் அது காலாவதியாகிவிடும். 2023 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் வி.கே.சக்சேனா அப்படிக் காலாவதியான 126 இடங்களுக்கு மீண்டும் உயிர் கொடுத்தார். மீதி 244 இடங்கள் உண்மையிலேயே தேவையா என்று ஆய்வு செய்யச் சொன்னார். ஆம் ஆத்மி அரசும் ஆளுநர் மாளிகையும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

ஒரு காலியிடம், மூன்று ஓட்டை

விஷயம் இங்கேதான் இருக்கிறது. வைஸ் பிரின்சிபல் மேலே போய் உட்கார்ந்தால், அவருடைய பழைய வேலை மாயமாகிவிடாது. அது ஒரு சீனியர் ஆசிரியர் தலையில் விழும். அந்த ஆசிரியர் தேர்வுப் பட்டியலையும் புகார்களையும் பார்த்துக்கொண்டிருந்தால், அவருடைய வகுப்பை யார் எடுப்பது? காகிதத்தில் ஒரு காலியிடம்தான். பள்ளிக்குள் மூன்று இடங்களில் இடிக்கிறது, கடைசியில் நஷ்டம் மாணவர்களுக்கு.

சம்பளத்தையும் பாருங்கள். கேந்திரிய வித்யாலயாக்களில் வைஸ் பிரின்சிபலின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, பிரின்சிபலுக்கு 78,800. இடைவெளி மாதம் 22,700 ரூபாய். அங்கும் காலியிடப் பிரச்சினை உண்டு: 2022 டிசம்பர் அறிவிப்பில் 239 பிரின்சிபல் இடங்களுக்கும் 203 வைஸ் பிரின்சிபல் இடங்களுக்கும் ஆள் தேடினார்கள். ஸ்டெப்னிக்கே தட்டுப்பாடு!

பயிற்சி யாருக்கு?

அமெரிக்காவில் 1990-91-இல் சுமார் 44,000 ஆக இருந்த உதவி முதல்வர்களின் எண்ணிக்கை, 25 ஆண்டுகளில் 81,000 ஆனது. அங்கே பிரின்சிபல்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் இந்தப் பதவியில் இருந்து வந்தவர்கள். அங்கேயும் வேலைப் பங்கீடு தெளிவாக இல்லை என்ற புகார் உண்டு. ஆனால் அடுத்த தலைவர் இங்கிருந்துதான் வருவார் என்ற புரிதலாவது இருக்கிறது.

நம்மிடம் 2012-இலேயே தேசிய பள்ளித் தலைமை மையம் தொடங்கப்பட்டது. பிரின்சிபல்களும் பள்ளி வளாகத் தலைவர்களும் ஆண்டுக்கு 50 மணி நேரமாவது பயிற்சி பெற வேண்டும் என்கிறது 2020 தேசிய கல்விக் கொள்கை. நல்ல விஷயம்தான். ஆனால் நாளை காலை பொறுப்பேற்கப் போகிறவர் பெயர் அந்த வரியில் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்த பிறகு பயிற்சி என்பது, வண்டி ஹைவேயில் ஏறிய பிறகு ஓட்டக் கற்றுக்கொடுக்கிற கதை.

என்ன செய்யலாம்?

டெல்லி அரசே ஒரு வழி காட்டியது. கட்டடம், துப்புரவு, பழுதுபார்ப்பு போன்றவற்றைக் கவனிக்க எஸ்டேட் மேனேஜர்களைப் பள்ளிகளில் நியமித்தது. பிரின்சிபல் படிப்பைக் கவனிக்கட்டும் என்பதுதான் நோக்கம். அதே கணக்கு அடுத்த நாற்காலிக்கும் பொருந்தும்: எழுத்துப்பூர்வமான வேலைப் பட்டியல், பொறுப்பேற்கும் முன்பே பயிற்சி, பொறுப்பு வகிக்கும் காலத்துக்கு ஒரு கெடு.

நீங்களும் ஒன்று செய்யலாம். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். அரசுப் பள்ளியில் உங்கள் வீட்டுப் பிள்ளை படித்தால், அடுத்த கூட்டத்தில் 'பிரின்சிபல் இருக்கிறாரா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'அவர் இடத்தில் இருப்பவர் எத்தனை நாளாகப் பொறுப்பில் இருக்கிறார், அவருடைய வகுப்பை யார் எடுக்கிறார்கள்?' என்றும் கேளுங்கள்.