ஏட்டுச் சுரைக்காயும் அணு உலையின் காவல் இயந்திரமும்

அணுமின் நிலையம் பற்றிய பேச்சு நம் நாட்டில் எழும்போதெல்லாம் அது இரு கூச்சல்களாகப் பிரிந்துவிடுகின்றது. ஒரு சாரார் செர்னோபிலைக் காட்டி அச்சுறுத்துகின்றனர். மறுசாரார், ‘எல்லாவற்றுக்கும் மாற்று ஏற்பாடு உண்டு’ என்று கூறி வாயடைக்கின்றனர். முதற்சாராரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் அது இன்னும் வினாவாக உருப்பெறவில்லை. மறுசாராரின் உறுதிமொழியோ விடையாக உருப்பெறவில்லை. அவர்கள் கூறும் மாற்று ஏற்பாடுகளுள் தலையாயது அவசர டீசல் மின்பிறப்பாக்கி. அதனைக் கொண்டு அந்த ‘உண்டு’ என்னும் சொல்லின் பெறுமதியை அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருகோணமலை மாவட்டத்தார்க்கு இது வெறும் ஏட்டுப் பொருளன்று. இலங்கையின் அணுமின் ஆயத்தங்களைச் சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு 2022இல் ஆராய்ந்து சென்றது. உலைக்குரிய இடங்கள் பற்றிய பேச்சில் இம்மாவட்டத்துக் கடற்கரையும் அடிபடுகின்றது. சம்பூரில் அனல்மின் நிலையம் அமைக்கும் திட்டம் வந்ததையும், 2016இல் அது கைவிடப்பட்டதையும் கண்டவர்கள் நாம். தீர்மானம் முதலிலும் விளக்கம் பின்னரும் வரும் முறைமை நமக்குப் புதிதன்று. ஆகவே, வினாக்களை முன்கூட்டியே தீட்டி வைத்தல் நம் கடன்.

அணு உலையை நிறுத்திவிட்டால் ஆபத்து நீங்கிவிடும் என்பது பலருடைய எண்ணம். அது தவறு. பிளவுத் தாக்கம் நின்ற கணத்திலும் உலையின் வெப்ப வலுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 அல்லது 7 பங்கு வெப்பம், கதிர்த்தொழிற்பாட்டுச் சிதைவினால் தொடர்ந்து எழும். ஒரு மணி நேரத்தின் பின் அது ஏறத்தாழ ஒன்றரைப் பங்காகவும், ஒரு நாளின் பின் அரைப் பங்காகவும் குறையும். 3,000 மெகாவாற்று வெப்ப வலுவுடைய உலையில் அந்த அரைப் பங்கு 15 மெகாவாற்று ஆகும். இவ்வெப்பத்தை அகற்ற நீர் ஓடவேண்டும். நீர் ஓடப் பம்பிகள் இயங்கவேண்டும். பம்பிகளுக்கு மின்சாரம் வேண்டும். உலை நின்றபின் அம்மின்சாரம் வெளியிலிருந்தே வரவேண்டும். வெளியிலும் இருளாயின் டீசல் இயந்திரமே கதி.

நம் நாட்டில் வெளியிருள் அரிய நிகழ்வா? 2020 ஓகஸ்ட் 17, 2021 டிசம்பர் 3, 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் நாடளாவிய மின்தடை ஏற்பட்டது. இறுதியாகக் கூறியது பாணந்துறை உப மின்நிலையத்துள் ஒரு குரங்கு புகுந்ததனால் தொடங்கியதென அறிவிக்கப்பட்டது. அன்று நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் மூன்று இயந்திரத் தொகுதிகளும் நின்றன. அவை வழமைக்குத் திரும்பும்வரை சில நாட்கள் சுழற்சி முறை மின்வெட்டை நாம் அனுபவித்தோம். நுரைச்சோலை நின்றால் விளக்கு அணையும், அவ்வளவே. அந்த இடத்தில் அணு உலை ஒன்று இருந்திருப்பின், அதே வேளையில் டீசல் இயந்திரங்கள் தவறாது எழுந்திருக்க வேண்டும். பெருநாடுகளின் அணு உலைக்கு அரிதாக நேரும் சோதனை, நம் சிறிய மின் கட்டமைப்பில் அடிக்கடி நேரும் என்பது வெளிப்படை.

அந்த இயந்திரம் எழும் என்பதற்கு யாது சான்று? சோதனையே சான்று என்பர். ஐக்கிய அமெரிக்கா போன்ற நாடுகளில் வழக்கமாக மாதந்தோறும் இயந்திரத்தை இயக்கி, ஒரு மணி நேரமேனும் சுமையேற்றி ஓட்டுவர். ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 24 மணி நேரம் இடையறாது ஓட்டுவர். வெளி மின்சாரம் அற்றுப்போனதாகப் பாவனை செய்து, ஏறத்தாழ 10 செக்கனுள் இயந்திரம் முழு வேகம் பெறுகின்றதா எனவும் நோக்குவர். இவை நல்ல விதிகளே. ஆனால், சோதனை என்னும் செயலிலேயே ஒரு சிக்கல் உண்டு. குளிர்ந்து கிடக்கும் பேரியந்திரத்தை அடிக்கடி திடீரென முழு வேகத்துக்கு எழுப்பினால் அதன் உறுப்புகள் தேயும். இதனை உணர்ந்தே அமெரிக்க அணுசக்தி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு 1984இல் அத்தகைய சோதனைகளைக் குறைக்குமாறும், முன்கூட்டியே எண்ணெயிட்டு இயக்குமாறும் அறிவுறுத்தியது. அது விவேகமே. ஆயினும், அவ்விவேகத்தின் அருகிலேயே வஞ்சனைக்கும் வழி திறக்கின்றது. பரீட்சைக்கு முதல் நாள் வினாத்தாளைப் பெற்ற மாணவனைப் போல, சோதனைக்கு முன் துடைத்து, எண்ணெயிட்டு, சூடேற்றி, பழுது நீக்கப்பட்ட இயந்திரம் நன்றாகவே ஓடும். பதிவேட்டில் ‘திருப்தி’ என எழுதப்படும். இருளோ முன்னறிவித்தல் தந்து வருவதில்லை.

எரிபொருளின் நிலையும் இத்தகையதே. உப்புக்காற்றும் ஈரப்பதனும் மிகுந்த கரையோரத்தில் நெடுநாள் தேங்கிய டீசலில் நீர் சேரும், நுண்ணுயிர் வளரும், வடிகட்டி அடைபடும். சீனன்குடாவில் பிரித்தானியர் அமைத்த நூறளவான எண்ணெய்க் குதங்களுட் பெரும்பாலானவை பல்லாண்டுகள் வெறுமனே கிடந்ததைக் கண்டவர்க்கு, குதம் இருப்பது வேறு, அதனுட் பயன்படத்தக்க எண்ணெய் இருப்பது வேறு என்பதைக் கற்பிக்க வேண்டியதில்லை.

உலக அனுபவம் என்ன கூறுகின்றது? 1990 மார்ச் 20இல் அமெரிக்காவின் வோக்டில் நிலையத்தில் ஒரு பாரவூர்தி கம்பத்தில் மோத, வெளி மின்சாரம் அற்றது. அவ்வலகின் டீசல் இயந்திரங்களுள் ஒன்று பராமரிப்பில் இருந்தது. மற்றையது எழுந்து சிறிது நேரத்தில் நின்றது. மின்சாரம் மீள 36 நிமிடங்களாயின. 2006 யூலை 25இல் சுவீடனின் போர்ஸ்மார்க் நிலையத்தில் நான்கு இயந்திரங்களும் எழுந்தன. ஆயினும் இரண்டின் மின்சாரம் சேரவேண்டிய இடத்தைத் தானாகச் சேரவில்லை. இந்தியாவின் நரோராவில் 1993 மார்ச் 31இல் மூண்ட தீ மின்வடங்களை எரிக்க, ஏறத்தாழ 17 மணி நேரம் நிலையம் மின்சாரமின்றிக் கிடந்தது; டீசலால் இயங்கிய தீயணைப்புப் பம்பிகளே கைகொடுத்தன. இயந்திரத்தை மட்டும் சோதித்தால் போதாது. ஆளி, வடம், மின்கலம், மனிதர் என்ற முழுச் சங்கிலியும் சோதிக்கப்படவேண்டும் என்பதே இவற்றின் பாடம்.

2011 மார்ச் 11இல் புக்குசிமா டாயிச்சியில் நிகழ்ந்தது இதனிலும் கொடியது. நிலநடுக்கத்தின் பின் டீசல் இயந்திரங்கள் எழுந்தன. தம் கடமையைச் செய்தன. ஒரு மணி நேரத்துக்குள் வந்த ஆழிப்பேரலை 13 இயந்திரங்களுள் 12ஐச் செயலிழக்கச் செய்தது. மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. எந்த மாதாந்தச் சோதனையும் ‘இவ்வியந்திரம் தாழ்ந்த தளத்தில் ஏன் இருக்கின்றது?’ என்று வினவாது. 2004 டிசம்பர் 26இல் கல்பாக்கத்தின் பம்பி அறையுள் கடல் புகுந்தது. அங்கு உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. அதே அலை கிண்ணியாவையும் மூதூரையும் குச்சவெளியையும் எவ்வாறு புரட்டியது என்பதை நாம் மறக்கவில்லை.

இனி மறுப்புகளை நோக்குவோம். ‘புதிய உலைகளுக்கு டீசல் வேண்டியதில்லை, அவை இயற்கை ஓட்டத்தாலேயே குளிரும்’ என்பர் சிலர். அத்தகைய வடிவமைப்புகள் உண்டு. 72 மணி நேரம் வெளி மின்சாரமின்றித் தாங்குவனவும் உண்டு. ஆனால், அவற்றிலும் திறக்கவேண்டிய வால்வுகள் உள; மின்கலங்கள் உள. சோதிக்கப்படும் பொருள் மாறுகின்றதேயன்றிச் சோதனையின் நேர்மை பற்றிய வினா மாறவில்லை. ‘இவை நிபுணர்க்குரியவை, பொதுமக்களுக்கு விளங்கா’ என்பர் வேறு சிலர். இயந்திரம் எத்தனை முறை அழைக்கப்பட்டது, எத்தனை முறை எழுந்தது என்னும் இரண்டு எண்களை விளங்கிக்கொள்ளப் பட்டம் வேண்டியதில்லை. ‘பாதுகாப்பு இரகசியம்’ என்பதும் ஏற்கத்தக்கதன்று. வாயிற்காவலரின் நேர அட்டவணை இரகசியமாகலாம். இயந்திரத்தின் தோல்வி இரகசியமாகலாகாது.

2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதனை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வேறாக்கியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் தகவலறியும் உரிமையைத் தந்தது. இவ்விரண்டும் கையிலிருக்க, நாம் கேட்கவேண்டியவை மூன்று. முன்னறிவித்தலின்றிச் சோதனை நடத்தும் அதிகாரமும் ஆளணியும் ஒழுங்குபடுத்துவோர்க்கு வேண்டும். ஒவ்வொரு சோதனையின் பெறுபேறும், சோதனைக்கு முன் இயந்திரத்துக்குச் செய்யப்பட்டவையும், எவரும் விண்ணப்பிக்காமலே மும்மொழிகளிலும் வெளியிடப்படவேண்டும். இயந்திரம் நிற்கும் தளத்தின் உயரம், கடலலையின் கணிப்போடு, இடம் தெரிவுசெய்யப்படுமுன் மக்கள் முன் வைக்கப்படவேண்டும்.

இவற்றுக்கு உடன்படாதவர், உலை கேட்கும் தகுதியற்றவர். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்றனர் நம் முன்னோர். ஏட்டில் ஓடும் இயந்திரம் உலையைக் குளிர்விக்காது. பதிவேட்டை நமக்குக் காட்டும் துணிவு அவர்களுக்கு வரும்வரை, நம் கரையில் ஒரு கல்லும் நாட்டப்பட நாம் இசையலாகாது.